எழுபத்தொன்றாவது கோடு

சரி, அன்னக்கொடி திருடினாள் என்றே வைத்துக்கொள்வோம். எதைத் திருடினாள்? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். கோடைக்கானலிலிருந்து டாக்டரே இறங்கி வந்தார். மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, ஆஸ்பத்திரி இரும்புப் பெட்டியிலிருந்த மருந்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பார்த்தார். பிள்ளைபெற்ற வடிவுக்குப் போட்ட இரண்டு ஊசிக் குப்பி தவிர ஒன்றும் குறையவில்லை. உடைந்த அந்த இரண்டு குப்பியின் கழுத்துக்கூடக் கிண்ணத்தில் கிடந்தது. அப்புறம் என்ன திருட்டு?

திருட்டு இல்லை என்றால் உடனே சூனியம் என்பீர்கள். கை பட்டதும் இரும்பு திறந்ததாம், வாய் முணுமுணுத்ததாம், மலையாளத்து வேலையாம். குழாயடியில் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டு இதைச் சொல்கிறவள் யார்? குப்பம்மாள். யாருடைய மருமகள் அன்றைக்குப் பிழைத்தாளோ, அந்தக் குப்பம்மாள். அவள் சொல்லலாம், நாக்கு அவளுடையது. கேட்கிறவர்களுக்கு நடந்தது தெரிய வேண்டாமா? உட்காருங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் குடத்தைத் தூக்குங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து ஜீப் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறினால் மூங்கில்பள்ளம் எஸ்டேட். காபியும் மிளகும். அன்னக்கொடி இந்த எஸ்டேட்டுக்காரி இல்லை. மேல்மலைப் பக்கம் வெள்ளைப்பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் காய்ச்சலில் போனபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது, பிள்ளை கிடையாது. மாமியார் வீட்டில் இருந்து பேச்சுக் கேட்பதைவிட உழைத்துச் சாப்பிடலாம் என்று கீழே இறங்கி வந்து, வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஆயாவாகச் சேர்ந்தாள். பிறகு அந்தத் துரை கப்பலேறிப் போய், எஸ்டேட் நம் ஆட்கள் கைக்கு மாறி, பங்களா ஆயா எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆயா ஆனாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். அந்த வேலையும் அந்த அறையும்தான் அவளுக்கு இருந்தவை. போக வேறு இடம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பங்களாவிலிருந்து அவளோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது அந்த இரும்புப் பெட்டி. இடுப்பு உயரம், ஆறு பேர் மூச்சுமுட்டத் தூக்கினார்கள். அதற்குச் சாவி கிடையாது. முகப்பில் ஒரு வட்டத் திருகு, அதைச் சுற்றி நூறு கோடு, பத்துக் கோட்டுக்கு ஒரு நம்பர். மூன்று நம்பரை ஒழுங்காகத் திருகினால்தான் பக்கத்தில் இருக்கிற பிடி இறங்கும். இடப்பக்கம் நாலு சுற்றுச் சுற்றி முதல் நம்பரில் நிறுத்த வேண்டும். வலப்பக்கம் மூன்று சுற்று, இரண்டாவது நம்பர். மறுபடி இடப்பக்கம் இரண்டு சுற்று, மூன்றாவது நம்பர். ஒரு கோடு தாண்டிவிட்டால் பின்னால் வந்து சரிசெய்ய முடியாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துரையின் மனைவி அதில் நகையும் கடிதங்களும் வைத்திருந்தாள். அவளுக்கு விரல் முட்டெல்லாம் வாதத்தில் வீங்கிக் கிடந்ததால், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அன்னக்கொடியைத்தான் திருகச் சொல்வாள். ஒளிந்து கற்ற வித்தை இல்லை. வீட்டுக்காரியே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது.

எழுத்து தெரியாதவள் நம்பரை எப்படி வைத்துக்கொண்டாள் என்று கேட்கிறீர்கள். விரலில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலை விட்டுவிடுங்கள், மற்ற நாலு விரலுக்கும் மூன்று மூன்று கணு. கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே போனால் ஒரு கைக்குப் பன்னிரண்டு. திருகு ஒரு கோடு நகரும்போது உள்ளே மெல்ல ஒரு தட்டு கேட்கும். காதுக்குக் கேட்பதைவிடக் கைக்குத் தெரியும். ஒரு தட்டுக்கு ஒரு கணு. முப்பத்தெட்டு என்றால் மூன்று கைச் சுற்றும் இரண்டு கணுவும். பதினேழு என்றால் ஒரு சுற்றும் ஐந்து கணுவும். எண்ணும்போது உதடு அசையும். எண்ணுகிற யாருக்குத்தான் அசையாது? இவ்வளவுதான் குப்பம்மாள் கண்ட மந்திரம்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சேனாதிபதி பழனிக்காரர். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம், நெற்றி நிறையத் திருநீறு. மருந்து கலக்குவதில் கைசுத்தம் உண்டு, அதை இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பெட்டிக்கும் அவருக்கும் ஆகாது. பூட்டி வைக்க வேண்டியது வலிமறக்கும் ஊசியும் விஷமருந்தும் மட்டும்தான். அவர் விலையுள்ளது எல்லாவற்றையும் அதற்குள் தள்ளுவார். பிறகு தேவைப்படும்போது திறக்க வராது. அவசரப்பட்டுத் திருகுவார், தாண்டுவார், யாரும் பார்க்கவில்லையே என்று அரைக்கோடு பின்னால் தள்ளுவார், பிடியை உலுக்குவார், காலால் ஒரு உதை விடுவார்.

"ஐயா, எத்தன சுத்து சுத்துனீங்க?" என்பாள் அன்னக்கொடி, தரையைத் துடைத்தபடியே.

"நாலு. சரியா நாலு. பெட்டியிலதான் கோளாறு."

"மூணுங்க."

"நீ பாத்தியா?"

"பாக்கலைங்க. இங்கிருந்து தட்டை எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். மூணு சுத்துதான் வந்துச்சு. வெரசா சுத்தாதீங்க, மொதல்லருந்து வாங்க."

முதலிலிருந்து வருவார், திறக்கும். திறந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருக்காது. ஒரு மார்கழியில் திருகு இறுகுகிறது என்று அவரே அதற்குள் தேங்காயெண்ணெய் விட்டார். மலைக்குளிரில் தேங்காயெண்ணெய் என்ன ஆகும்? உள்ளே போய் உறைந்து, திருகு சிக்கிக்கொண்டது. இரண்டு நாள் மருந்து உள்ளே, நோயாளி வெளியே. கொல்லனைக் கூப்பிடலாம் என்று ஆள் அனுப்பப்போன நேரத்தில் அன்னக்கொடி மணலை வறுத்துத் துணியில் முடிந்து, முட்டிவலிக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி, பெட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாள். எண்ணெய் இளகி ஒழுகியது. திருகு நகர்ந்தது. வரிசையில் நின்ற நோயாளிகள் சிரித்தார்கள்.

"கம்பவுண்டரய்யா, பெட்டிக்கு ஒரு ஊசியும் போட்டு விடுங்க!" என்றான் ஒருவன்.

சேனாதிபதியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அன்னக்கொடிக்கு அன்று தெரியவில்லை. பெட்டி திறந்ததே என்று சந்தோஷமாக மணலை அடுப்பங்கரையில் கொட்டப் போனாள். வெகுளி. வேலை நடந்தால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்கிறவள்.

குப்பம்மாளுக்கு என்ன கோபம் என்று கேட்டால், அதுவும் அந்தப் பெட்டியைத் தொட்டதுதான். குப்பம்மாளுக்குப் பல்வலி. கம்பவுண்டர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள்.

"மதினி, அந்த வலி மறக்குற மருந்துல ஒன்னே ஒன்னு குடு மதினி. உசிரு போகுது."

"அது பல்வலிக்குக் குடுக்குறது இல்ல குப்பு. கிராம்பு இருக்கு, தர்றேன், கடிச்சுக்க."

"ஒனக்குத்தான் தொறக்கத் தெரியுமே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல?"

இவ்வளவுதான் பேச்சு. குப்பம்மாள் கிராம்பை வாங்காமலே போனாள். அன்றையிலிருந்து குழாயடியில் பேச்சு ஆரம்பமாயிற்று. "விரலை எண்ணிக்கிட்டே நிக்குது, வாயி ஓடுது, பெட்டி தானா தொறக்குது. கம்பவுண்டரு இல்லாதப்ப எத்தன தடவ தொறந்துச்சோ." கொஞ்ச நாளில் அது கம்பவுண்டர் காதுக்குப் போனது. போகட்டும் என்றுதானே பேசினாள்?

இனி அந்தப் பங்குனிக்கு வருகிறேன். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம், அதற்கு முந்தின பங்குனி. சேனாதிபதி வருஷந்தோறும் உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுப்பார். கொடியேறிய நாளிலிருந்து வாய்ப்பூட்டு. மஞ்சள்துணியை வாயை மூடிக் கட்டிக்கொண்டால் மலையேறிச் சாமியைப் பார்த்த பிறகுதான் அவிழ்ப்பார். அதுவரை ஒரு வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரியில் எல்லாம் சைகைதான். வயிற்றுவலி என்று வந்தவனிடம் மூன்று விரலைக் காட்டுவார். மூன்று வேளையா, மூன்று நாளா, மூன்று மாத்திரையா என்று அவன் அன்னக்கொடியிடம் வந்து கேட்டுப் போவான்.

பெட்டியின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி, உறைக்குள் ஒட்டி, எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற ரைட்டர் குமாரவேலின் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தார்கள். கம்பவுண்டர் இல்லாதபோது அவசரம் வந்தால் எடுத்துக்கொள்ள. அதே நம்பர்தான் அன்னக்கொடி விரலிலும் இருந்தது. காவடிக்குக் கிளம்பும் முதல்நாள் சேனாதிபதி ஆஸ்பத்திரிக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பெட்டியோடு கிடைத்த மாற்றுக்கம்பியை முதன்முறையாக எடுத்து, நம்பரை மாற்றினார். வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அன்னக்கொடிக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பூசை செய்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளனே அவர் ஆபீசுக்குப் போய் குமாரவேல் முன்னால் நின்றார். மேசை இழுப்பறையைக் காட்டினார். இரண்டு கையாலும் எதையோ கிழிக்கிற மாதிரி காட்டினார். காற்றில் எழுதிக் காட்டினார். உறையைக் கிழித்துவிட்டு வேறு எழுதித் தருகிறேன் என்று அர்த்தம். குமாரவேல் மழைக்கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, லீவுக் காகிதம் கிழிந்துவிட்டது, வேறு எழுதச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான்.

"ஆகட்டுங்கய்யா, நான் எழுதிக்கிறேன். நீங்க சாமியக் கும்பிட்டு வாங்க."

கேட்டுக்கு வெளியே பம்பை அடித்தது. காவடிக் கூட்டம் காத்து நின்றது. பக்கத்தில் பென்சில் இருந்தது, காகிதம் இருந்தது. எடுத்து மூன்று நம்பர் கிறுக்க எவ்வளவு நேரமாகும்? போய்விட்டார். வாயைத்தானே கட்டியிருந்தார், கையைக் கட்டவில்லையே. இதை இன்றுவரை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் குப்பம்மாளின் மருமகள் வடிவுக்கு வலி கண்டது. தலைச்சன். ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி சண்முகவள்ளி இருந்தாள், சின்னப்பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம். ஆனால் கெட்டிக்காரி. பகல் பதினோரு மணிக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, ஆண். குப்பம்மாள் வாசலில் குலவையிட்டாள். அந்தக் குலவை அடங்குவதற்குள் உள்ளே சண்முகவள்ளியின் குரல் மாறிவிட்டது.

"ஆயா! ரத்தம் நிக்கல. பெட்டியில ரத்தம் நிக்கிற ஊசி இருக்கு, எடுங்க. வெரசா!"

அன்னக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிமுன் உட்கார்ந்தாள். நாலு சுற்று, முதல் நம்பர். மூன்று சுற்று, இரண்டாவது. இரண்டு சுற்று, மூன்றாவது. பிடி இறங்கவில்லை. அந்தக் கைக்கு அப்படி நடந்ததே இல்லை. மறுபடி திருகினாள். இறங்கவில்லை.

"என்ன ஆயா?"

"ஆபீசுக்கு ஆளனுப்புங்கம்மா, அந்த உறையக் கொண்டாரச் சொல்லுங்க. கை மறந்துருச்சோ என்னமோ."

குமாரவேலே உறையோடு ஓடிவந்தான். கிழித்துப் படித்தான். முப்பத்தெட்டு, பதினேழு, அறுபத்திரண்டு. அவள் விரலில் இருந்த அதே நம்பர். மூன்றாம் தடவை அவன் எதிரிலேயே, கோடு கோடாக அவன் பார்க்கப் பார்க்கத் திருகினாள். இறங்கவில்லை.

"ஜீப்பு?" என்றாள் சண்முகவள்ளி உள்ளிருந்து. இரண்டு கையாலும் வடிவின் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"மேனேஜர் கோடைக்கானலுக்கு எடுத்துட்டுப் போயிருக்காருங்க. சாயந்தரந்தான் வரும்."

"கடப்பாறையாவது எடுத்து ஒடைங்க!"

"அந்தப் பெட்டிய ஒடைக்க ஒரு நாளு வேணும்மா" என்றாள் அன்னக்கொடி. எழுந்திருக்கவில்லை. திருகின்மேல் கையை வைத்தபடி யோசித்தாள். அவள் யோசித்ததைச் சண்முகவள்ளியிடம் அன்று சாயங்காலம் சொன்னாள், அதனால்தான் தெரியும். தாழ்ப்பாள் போட்ட சத்தம் நினைவுக்கு வந்திருக்கிறது. கை தப்பவில்லை, நம்பரைத்தான் மாற்றியிருக்கிறார். ஏன் மாற்றினார் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டாதது. எப்படி மாற்றியிருப்பார்? மூன்று வருஷமாக மூன்று நம்பரை மனதில் நிறுத்த முடியாத மனிதர் புதிதாக மூன்றைத் தலையில் ஏற்றமாட்டார். ஒன்றைத்தான் மாற்றியிருப்பார். முதல் இரண்டில் கைவைத்தால் அவருக்கே குழம்பும். கடைசியைத்தான் மாற்றியிருப்பார்.

"ரைட்டர் தம்பி, நீ கொஞ்சம் சும்மா இரு. பேச்சுக் குடுக்காத."

முதல் நம்பரும் இரண்டாவது நம்பரும் பழையபடியே திருகினாள். மூன்றாவதுக்குத் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு கோடு நகர்த்தினாள், பிடியை அழுத்திப் பார்த்தாள். இன்னொரு கோடு, பிடி. இன்னொரு கோடு, பிடி. வலதுகை திருகிலும் பிடியிலும் மாறி மாறி. இடதுகைக் கட்டைவிரல் கணுக்கணுவாக ஓடியது. உதடு அசைந்தது. நடுவில் கை வழுக்கி ஒரு கோடு தெரியாமல் போனால் அத்தனையும் முதலிலிருந்து. உள்ளே வடிவு, "யம்மா, கண்ணு இருட்டுது" என்றாள். அதற்குப் பிறகு அவள் சத்தமே இல்லை. சண்முகவள்ளி அழுதுகொண்டே அழுத்தினாள்.

கதவு ஓரம் தலையை நீட்டிய குப்பம்மாள் கண்டது இந்தக் கோலத்தைத்தான். பெட்டிமுன் சம்மணமிட்டு, கண்ணை மூடி, விரலை எண்ணி, வாய் முணுமுணுக்கும் ஒரு பொம்பளை.

"ஏ, அங்க என் மருமக சாகக் கெடக்கா, இவ என்னத்தையோ செபிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காளே!"

அன்னக்கொடி திரும்பவில்லை. ஒரு கை, இரண்டு கை, ஐந்து கைச் சுற்று முடிந்தது. பழைய அறுபத்திரண்டும் தாண்டியது. ஐந்து சுற்றும் பதினொரு கணுவும் ஆனபோது பிடி தன்பாட்டில் கீழே இறங்கியது.

சண்முகவள்ளி ஒரு குப்பி போட்டாள், பொறுத்து இன்னொன்று போட்டாள். ரத்தம் நின்றது. அன்னக்கொடி செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தாள், சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் விட்டாள். விளக்கு வைப்பதற்குள் வடிவு கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டாள். பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தவள் அன்னக்கொடிதான். அன்று ஒருநாள்தான் அவள் அதைத் தொட்டது. மறுநாளிலிருந்து குப்பம்மாள் பிள்ளை நெற்றியில் கரியை அப்பி, ஆயா அந்தப் பக்கம் வந்தாலே முந்தானையால் மூடினாள். வடிவு மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம்.

உத்திரம் முடிந்து சேனாதிபதி மொட்டைத் தலையும் பஞ்சாமிர்த டப்பாவுமாக வந்தார். வாய்த்துணி அவிழ்ந்திருந்தது. அன்னக்கொடி ஓடிப்போய்ச் சொன்னாள், ஏதோ நல்ல சேதி சொல்கிறவள் மாதிரி.

"ஐயா, நம்பரை மாத்தினவரு எங்கிட்டயாவது, ரைட்டர் தம்பிகிட்டயாவது சொல்லிட்டுப் போகக்கூடாதா? நல்லவேளை, கண்டுபிடிச்சிட்டேன். கடைசி நம்பரு எழுபத்தொன்னுதானுங்களே?"

கம்பவுண்டர் முகம் செத்துப்போனது. அங்கேயே அவள் பேசாமல் இருந்திருக்கலாம். திறந்துவிட்டது, எப்படியோ திறந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு அப்படி வராது. எந்தக் கோட்டில் திறந்ததோ அந்தக் கோட்டைச் சொல்லிவிட வேண்டும், அடுத்த தடவை யாரும் தவிக்கக்கூடாது. அதுதான் அவள் குணம்.

சேதி கேட்டு இறங்கி வந்து பெட்டியைச் சோதித்த கோடைக்கானல் டாக்டர் விடுகிறவராக இல்லை. உறையில் ஒரு நம்பர், பெட்டியில் ஒரு நம்பர், நடுவில் ஓர் உயிர் போகப் பார்த்தது, யார் பொறுப்பு, எழுத்தில் பதில் வேண்டும் என்றார். மேனேஜர் மூன்று நாள் யோசித்தார். கம்பவுண்டரை அனுப்பிவிட்டால் இந்த மலைக்கு இன்னொரு கம்பவுண்டர் வருவாரா? ஆயாவுக்கு என்ன, இறங்கிப்போய்ப் பண்ணைக்காட்டில் நின்று கைதட்டினால் நாலு பேர் வருவார்கள்.

நாலாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலேயே விசாரணை வைத்தார். சேனாதிபதி சொன்னார்: "பெட்டிய இது களவா தொறக்குதுன்னு பேச்சு வந்துச்சுங்க. அதனாலதான் மாத்துனேன். மாத்தினது எனக்கும் முருகனுக்கும்தான் தெரியும். இதுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஜன்னல் வழியாப் பாத்திருக்கு." குப்பம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். விரலை எண்ணியதையும் வாய் ஓடியதையும் சொன்னாள். அது பொய்யில்லை. அதுதான் கொடுமை. சண்முகவள்ளியைக் கேட்டார்கள்.

"நான் உள்ள இருந்தேன் சார். பெட்டி அந்த அறையில. எனக்குச் சரியாத் தெரியல" என்றாள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எதிரிலேயே இருந்து பார்த்தவன் குமாரவேல். அவனை யாரும் கேட்கவில்லை. அவன் கையில் எழுதுகிற வேலை கொடுத்திருந்தார்கள். எழுதியதை எழுந்து நின்று படித்தான். கம்பவுண்டர் நம்பர் மாற்றியதை ஆயா அன்னக்கொடி மறைந்திருந்து பார்த்ததாகவும், அந்த நம்பர் தனக்கு முன்பே தெரியும் என்பதாகவும், இனி பெட்டியைத் தொடுவதில்லை என்பதாகவும் இருந்தது.

"இன்னொரு தடவ படி தம்பி" என்றாள் அன்னக்கொடி.

படித்தான். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "அன்னக்கொடி, இது ஒரு பேப்பருக்குத்தான். டாக்டருக்கு ஒரு பதில் போகணும். கைநாட்டு வச்சிரு. வேலை இருக்கும், ரூம் இருக்கும். யாரும் உன்னை ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்கள். அன்னக்கொடி அதைப் பார்த்தாள். கம்பவுண்டரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒன்னு கேக்குறேன். நம்பரு எனக்கு முன்னமே தெரியும்னு இதுல இருக்குல்ல?"

"ஆமா."

"அப்பொ, அந்தப் புள்ள உள்ள செத்துக்கிட்டுக் கெடந்தப்ப, தெரிஞ்ச நம்பரைத் திருகாம, எழுபது தடவ பிடிய ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்னு ஆகுதே. களவாணின்னு எழுதுங்க, வச்சிட்டுப் போறேன். ஒரு புள்ளத்தாச்சிய சாகட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்னு எழுதிட்டு, அதுல எங் கைய வைக்கச் சொல்றீங்களே, இது அடுக்குமாங்க?"

மேனேஜர் காகிதத்தை வாங்கி ஒருதரம் தானே படித்துப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது போல. ஆனால் உறைத்து என்ன செய்ய? டாக்டருக்குப் பதில் போக வேண்டுமே.

"தெறக்கத் தெரிஞ்ச ஆளை வச்சுக்கிட்டு நான் பூட்டை எதுக்கு வைக்கணும்னு மேலிடத்துல கேட்டா, நான் என்ன சொல்றது?" என்றார். "சாயந்தரம் வரைக்கும் யோசிச்சுக்க. வைக்கலைன்னா ரூமைக் காலி பண்ண வேண்டி வரும்."

"யோசிக்கிறதுக்கு என்னங்க இருக்கு?"

மைப்பெட்டியை அவளே மூடினாள். பின்னால் போனாள். கொதித்துக்கொண்டிருந்த ஊசிப் பாத்திரத்தை இறக்கிவைத்தாள். கொடியில் உலர்ந்த படுக்கைத் துணிகளை மடித்தாள், எட்டு இருந்தது, எட்டையும் அலமாரியில் அடுக்கினாள். ஆஸ்பத்திரிச் சேலையை அவிழ்த்து மடித்து அதன்மேல் வைத்துவிட்டுத் தன் நூல்சேலையைக் கட்டிக்கொண்டாள். சாமான் என்று பார்த்தால் ஒரு துணிப்பை, ஒரு பித்தளைச் செம்பு. கருப்புக் கம்பளி எஸ்டேட்டில் கொடுத்தது, அதைக் கட்டிலிலேயே விட்டாள். பங்குனியானாலும் காலைக்குளிர் இருந்தது.

சண்முகவள்ளி பின்கட்டுக்கு ஓடிவந்தாள். "ஆயா, நான் சொல்லியிருக்கணும். என் வீட்டுல நாலு பேரு…"

"தெரியும்மா. அழுவாத. மூணாம் கட்டில்காரனுக்குப் புண்ணைக் கழுவணும், மத்தியானம் ஆகிறதுக்குள்ள பாத்துரு."

"எங்க போவீங்க?"

"ரோடு இருக்கு."

பின்கட்டு வழியாகப் போயிருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் போகவில்லை. கூடத்து நடுவே நடந்தாள். சேனாதிபதி மருந்துச்சீட்டு எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டார். குமாரவேல் எழுந்து நின்றான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், மேனேஜர் இருப்பதைப் பார்த்து உட்கார்ந்தான். வாசல் பெஞ்சில் வடிவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மருந்துச் சீட்டுக்காக உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் குப்பம்மாள். அன்னக்கொடி வருவதைக் கண்டதும் குப்பம்மாளின் கை தன்னால் பிள்ளை முகத்துக்குப் போனது.

"மூடாத குப்பு. மூச்சு முட்டும்" என்றாள் அன்னக்கொடி.

செருப்பில்லாத காலோடு படியிறங்கினாள். காபிச்செடியெல்லாம் பூத்துக் கிடந்த தடத்தில், கீழே பண்ணைக்காட்டுப் பக்கம், ஒருதரமும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.